மூன்று கரண்டி

இட்லிக் கொப்பரையில் இன்றும் இட்லி இல்லை.
குழித்தட்டில் பூசணித் துண்டுகள்
வேர்த்துக்கொண்டிருக்கின்றன.
இரவு பத்தே முக்கால்.
மிக்ஸிக்கு அடியில் துண்டை நான்காய் மடித்து வைக்கிறேன்.
கீழ்வீட்டு மிஸ்டர் கோ போன வாரம் மின்தூக்கியில்
"ராத்திரியில் பெரிய சமையலோ?" என்றார்.
சிரிக்கவில்லை.

ஆறு மாதம்
இந்த வீட்டில் நான் தலையணை எடுத்துக் கொடுப்பவன்.
முதுகைத் தட்டி ஏப்பம் வாங்குபவன்.
பம்ப்பைக் கழற்றிக் கழுவிக் காயவைப்பவன்.
கோதை அழுதால் அவளை
உரிய முகவரியில் சேர்க்கும் தபால்காரன்.
புட்டியை நீட்டினால் உதட்டைப் பூட்டிக்கொண்டு
போலி நோட்டைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்ப்பாள்.
அவள் பார்த்ததில் தப்பில்லை.

பிறகு பூசணி வந்தது.
ஈரச்சந்தையில் ஒரு கீற்று, ஒரு வெள்ளி இருபது காசு.
சுகந்தி பிழிந்து வைத்திருந்த பாலில்
இரண்டு தேக்கரண்டி விட்டு இளக்கினேன்.
நாக்கால் தொட்டாள். தள்ளினாள்.
கொஞ்சம் யோசித்தாள்.
மறுபடி வாயைத் திறந்தாள், என்னைப் பார்த்து.
அன்றைக்குத்தான் எனக்கு வேலை கிடைத்தது.

ஐஸ் தட்டில் இப்போது
பூசணி ஆறு, பேரிக்காய் நான்கு,
கீரை இரண்டு (கீரையை யாரும் நம்புவதில்லை).
மூடியில் தேதி. என் கையெழுத்து
பள்ளியில்கூட இவ்வளவு திருத்தமாய் இருந்ததில்லை.

சுகந்தி ஐந்தரைக்கே வார்டுக்குப் போய்விடுவாள்.
ஏழு மணிக்கு யீஷூன் ரயிலில் நான்:
நெஞ்சில் பசி,
முதுகில் சோறு.
ஊட்ரம் பார்க்கில் இரண்டையும் இறக்க வேண்டும்.

இன்று இயோ சூ காங் தாண்டி வண்டி நின்றது.
ஏதோ சமிக்ஞைக் கோளாறு.
ஒவ்வொரு மொழியாக மன்னிப்புக் கேட்டார்கள்.
கோதை விழித்தாள்.
அவள் மொழியில் யாரும் கேட்கவில்லை.

பத்து நிமிடம். பதினைந்து.
பையின் அடி ஈரமாகிறது, முதுகில் உணர்கிறேன்.
கதவருகே படத்தில்
கோப்பைக்குக் குறுக்கே சிவப்புக் கோடு.
ஐந்நூறு வெள்ளி.
அவள் அம்மாவாய் இருந்திருந்தால்
ஒரு துப்பட்டா போதும்.
என்னிடம் இருப்பது பன்னிரண்டு கட்டிகளும் ஒரு சட்டமும்.

பைக்குள் கையை விட்டேன்,
இன்னும் எத்தனை கெட்டியாக இருக்கிறதென்று பார்க்க.
வெளியே வந்த விரலைக்
கோதை இரண்டு கையாலும் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள்.
சில்லென்றிருந்திருக்கும்.
பல் வரப்போகும் ஈறு அதன்மேல் அழுந்தியது.
அழுகை நின்றது.
விரலைத் தின்றால் அபராதம் உண்டா என்று
எங்கும் எழுதியிருக்கவில்லை.

எதிர் இருக்கைச் சீன மாது
எழுந்து வந்து, பையைத் திறக்கச் சொல்லிச் சைகை காட்டினார்.
தன் கூடையிலிருந்து ஒரு கேன் பார்லித் தண்ணீர்,
குளிர்சாதனப் பெட்டியின் வேர்வை இன்னும் அதன்மேல்.
கட்டிகளுக்கு நடுவே செருகினார்.
நொவீனாவில் இறங்கும்போது எடுத்து நீட்டினேன்.
கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

காப்பகத்தில் ரொஹாயா டப்பாவைத் திறந்து
ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.
"உருகினதை மறுபடி உறைய வைக்க முடியாது.
இன்றைக்குக் கொடுத்தது போக மிச்சம் குப்பைக்கு."
தெரியும் என்றேன்.
பேரிக்காயை மட்டும் திரும்பி ஒருதரம் பார்த்தேன்.

பன்னிரண்டு இருபதுக்குச் சுகந்தியின் செய்தி:
*பால் குடிச்சுட்டுத் தூங்குறா.
அதுக்கு முன்னாடி பூசணி மூணு கரண்டி.
நாலாவது என் யூனிஃபார்ம்ல.*

அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்து
பார்லித் தண்ணீரைக் குடித்தேன்.
வெதுவெதுப்பாக இருந்தது.
நகக்கண்ணில் இன்னும் மஞ்சள்.

நாளைக்கு பீட்ரூட்.
வெள்ளைச் சட்டை வேண்டாம்.